கொக்கு சவரிமுத்துவில் முக்கால்

தேவதாஸ் ஒருவனைப் பார்த்து "நல்லா ஆடுதான்" என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. குவைத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஏசி ரிப்பேர் பார்த்ததில் இரண்டு மூன்று கம்ப்ரஸர்களைப் "பரவாயில்ல" என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். மனுஷர்களை, அதுவும் பாஸ்கெட்பால் ஆடுகிற மனுஷர்களை, ஒருபோதும் இல்லை.

அதற்கென்று அவர் ஒரு அளவுகோல் வைத்திருந்தார். அதன் பேர் கொக்கு சவரிமுத்து. எழுபதுகளில் நாகர்கோவில் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் தேவதாஸோடு ஆடியவன். ஆறடி நாலு அங்குலம், அதில் பாதி கழுத்து. பந்து போட அவன் துள்ளியதே இல்லையாம். "துள்ளுதது குட்டையன் வேல" என்பானாம். யாரைப் பார்த்தாலும் தேவதாஸ் அவனைக் கொக்கின் பக்கத்தில் நிறுத்தி, கொக்கில் எத்தனை பங்கு தேறுவான் என்று சொல்லிவிடுவார். கம்பெனி டீம் கேப்டன் ரோமெல், ஏசி டக்ட் மாட்டுகிற பிலிப்பைன்ஸ்காரன், கொக்கில் கால். டிவியில் காற்றில் நடக்கிற அமெரிக்காக்காரர்கள் அரை. அதுவும் இரக்கப்பட்டு.

"மரத்தரையில, ஏசியப் போட்டு, பஞ்சு மாதிரி ஷூவப் போட்டு ஆடுதான் வே. கொக்கு வெறுங்கால்ல சரளக்கல்லு மேல ஆடுனவன்."

முக்கால் என்கிற மார்க்கு உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் கிடைத்திருந்தது. அவர் தேவதாஸ்.

"எழுபத்தாறுல மெட்ராஸ்ல பேங்க் டீம் செலக்‌ஷன். நானும் கொக்கும் ஒண்ணா ரயிலேறிப் போனோம். அவன எடுத்தான், என்னைய எடுக்கல. ஏன்? நமக்கு அங்க ஆள் கிடையாது. இல்லேன்னா இந்நேரம் நானும் பேங்க்ல மேனேஜராட்டு உக்காந்திருப்பேன்."

இதைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் கௌஸ் முகம்மது. காயல்பட்டினத்துக்காரர். குவைத்தில் அப்பாசியா என்கிற பேட்டையில் தேவதாஸ் குடியிருந்த பில்டிங்கின் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

"ஓய், ஒம்ம கொக்கு பறந்து போயி முப்பது வருஷம் ஆச்சு," என்பார் கௌஸ், வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே. "நீரு இன்னும் கீழ நின்னு எச்சத்தத் தொடச்சிட்டு இருக்கீரு."

இப்படி ஒரு மனுஷனிடம்தான், இரண்டாயிரத்தைந்து மார்ச்சில், ஒரு காலேஜ் பையனின் தலையெழுத்து வந்து சேர்ந்தது.

தேவதாஸின் கம்பெனியில் முதீர், அதாவது பெரிய மேனேஜர், குவைத்தி. நல்ல மனுஷன்தான். ஏப்ரல் முதல் வாரம் நடக்கிற கம்பெனிகளுக்கு இடையிலான பாஸ்கெட்பால் போட்டி என்றால் மட்டும் அவருக்குத் தலை கிறுகிறுக்கும். ஆறு வருஷமாக ஒரு கேட்டரிங் கம்பெனியின் பிலிப்பைன்ஸ் பையன்கள் இவர்களைப் புளி கரைக்கிற மாதிரி கரைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் முதீர் ஒரு விசாவைத் தூக்கி மேஜையில் வைத்தார். ஸ்டோர்கீப்பர் விசா. வருகிறவன் ஸ்டோரைக் கவனிக்கிறானோ இல்லையோ, கூடையைக் கவனிக்க வேண்டும்.

"தேவ்தாஸ், நீதானே இந்த ஆட்டம் தெரியும் தெரியும் என்பாய். ஒரு ஆள் சொல்லு."

தேவதாஸின் தங்கை எப்சிபாவின் மகன் பெபின் அப்போது ஊரில் பி.காம். கடைசி வருஷம். ஆறடி இரண்டு அங்குலம், காலேஜ் டீம். முதீரிடம் பேரையும் உயரத்தையும் சொல்லிவைத்துவிட்டுத் தங்கையிடம் சொன்னதும் அவள் சந்தோஷப்பட்டாள், கூடவே ஒரு சிக்கலையும் சொன்னாள். அதே ஏப்ரல் முதல் வாரம் சென்னையில் ஒரு பேங்க் டீமுக்கு செலக்‌ஷன் இருக்கிறது. பையனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. எடுத்தால் பேங்கிலேயே வேலை, காலத்துக்கும் ஆட்டம். விசா வாங்கினால் அதை விட வேண்டும். அதற்குப் போனால் விசாவை விட வேண்டும்.

லீவு முடிந்து வந்த ஒரு ஊர்க்காரர் கையில் எப்சிபா ஒரு விசிடி கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஒரு துண்டுக் கடிதம். "அண்ணே, இவன் ஆட்டம் பேங்குக்குத் தேறுமா தேறாதா, பாத்துச் சொல்லு. நீ சும்மா ஒருத்தன நல்லவம்னு சொல்லமாட்ட. நீ சொல்லுதபடி செய்யுதோம்."

ஆக, வேலை சுலபம். தேறுவான் என்றால் விசா வேண்டாம். தேறமாட்டான் என்றால் விசா. நடுவில் நின்று தராசு பிடிக்க வேண்டியது தேவதாஸ். முதீருக்குச் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை கம்பெனி லீவு. மனைவி புஷ்பமேரிக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் டியூட்டி. தேவதாஸும் கௌஸும் ஹாலில் உட்கார்ந்து விசிடியைப் போட்டார்கள்.

முதலில் ஒரு ரோஜாப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு புறாக்கள் ஒரு இதயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன. இதயத்துக்குள் பெபின் பந்தோடு சிரித்தான். கீழே 'பெர்லின் டிஜிட்டல் வீடியோஸ் – கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு' என்று ஓடியது.

"பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்களா, டீம் பாக்குறாங்களா?" என்றார் கௌஸ்.

"ஊர்ல வேற வீடியோக்காரன் கிடையாது வே. பேசாமப் பாரும்."

பெர்லின் தொழிலை மதிக்கிறவன். பந்து வளையத்துக்குள் விழும்போதெல்லாம் மேலேயிருந்து பூ கொட்டியது. படம் பக்கம் புரட்டுகிற மாதிரி புரண்டது, பெட்டி மாதிரி சுழன்றது, சில இடத்தில் நீருக்குள் நடப்பது மாதிரி மெதுவாகப் போனது. அதையெல்லாம் தாண்டிப் பையனைப் பார்த்தபோது தேவதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளை பனியன், நெஞ்சிலும் முதுகிலும் வெறும் பதினொன்று. வலது பக்கம் ஓடி வந்து வலது கையால் போடுகிறான், விழுகிறது. அடுத்து இடது பக்கம் ஓடி வந்து இடது கையால் போடுகிறான், அதே அழகு, அதே துள்ளல். விழுகிறது.

"வே."

"பாத்தேன், பாத்தேன்."

"ரெண்டு கையும்."

"பொறத்தால செவுத்துல என்னமோ எழுதிருக்கு ஓய், ஒரு எழுத்தும் புரியல."

"மலையாளமாட்டு இருக்கும். கேரளா பார்டர்லா. ஆட்டத்தப் பாரும்."

மொத்தம் பதினாலு கூடை. வலதில் எட்டு, இடதில் ஆறு. தேவதாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். கொக்குக்கு இடது கை சோறு பிசையக்கூட உதவாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது வருஷமாக மூடி வைத்திருந்த கதவைத் திறந்தார்.

"கொக்குல ஒண்ணேகால்."

கௌஸ் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. அப்போ நெசந்தான்."

உடனே கடைக்கு இறங்கிப் போன் போட்டார்கள். கௌஸ் கடைப் போனில் காதில் வைக்கிற ரிசீவர் பழுதாகி வருஷம் இரண்டாச்சு. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். கௌஸ் அதைச் சரி செய்யாததற்குக் காரணம், அப்பாசியாவில் பாதிக் குடும்பக் கதை அந்த வழியாகத்தான் அவருக்கு வந்துகொண்டிருந்தது.

"எப்சி, விசா வேண்டாம். பையன செலக்‌ஷனுக்கு அனுப்பு. நான் சொல்லுதேன், அவன் நம்ம எல்லாரையும் தாண்டிட்டான். குறிப்பா அந்த இடது கை."

அந்தப் பக்கம் எப்சிபா அழுதாள். அண்ணன் வாயிலிருந்து இப்படி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பின்னாலிருந்து பையன் குரல், "இடது கையா?" என்று கேட்டது. போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புஷ்பமேரி சாப்பிட்டு முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, "எங்க, உங்க ஒண்ணேகாலப் பாப்போம்," என்றாள். தேவதாஸ் பெருமையாகப் போட்டுவிட்டார். அவள் வெங்காய வடையைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். இதயத்துக்குச் சிரித்தாள். பூ கொட்டியதற்குச் சிரித்தாள். ஆறாவது கூடையிலோ ஏழாவது கூடையிலோ சிரிப்பை நிறுத்தி, "கொஞ்சம் பின்னால போங்க," என்றாள்.

பையன் இடது கையால் போட்டுவிட்டுக் கோட்டோரம் ஓடுகிறான். இடைவேளை. அங்கே வெள்ளை அங்கி போட்ட ஃபாதர், காலேஜ் பிரின்ஸிபால், பையன் நெற்றியில் சிலுவை போடுகிறார்.

"ஃபாதர் எந்தக் கையால சிலுவ போடுதாரு?"

"என்னத்த, கையாலதான்."

"எந்தக் கையால?"

தேவதாஸ் பார்த்தார். "இடது கை."

"எந்த ஃபாதர் இடது கையால சிலுவ போட்டுப் பாத்திருக்கிய?"

தேவதாஸ் சி.எஸ்.ஐ. புஷ்பமேரி ஆர்.சி. கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. "உங்க சபையில என்னவெல்லாமோ செய்வாங்க, எனக்கென்ன தெரியும்," என்றார் அவர், ஆனால் குரல் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது.

"எங்க சபையில ஒருக்காலும் செய்யமாட்டாங்க. வீடியோக்காரன் படத்தத் திருப்பிப் போட்டிருக்கான். நம்ம சொந்தத்துல லிஜி கல்யாணக் கேசட்டுல மாப்பிள்ள இடது கையால மோதிரம் மாட்டுனான்னு அவ மாமியா சண்டை பிடிச்சா, ஞாபகம் இல்லியா? அதுவும் இந்தப் பெர்லின்தான். கண்ணாடி எஃபெக்ட்டுன்னு சொன்னான்."

சுவரில் இருந்தது மலையாளம் இல்லை. திருப்பிப் படித்தால் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது.

புஷ்பமேரி விடவில்லை. அவள் ஐசியூ நர்ஸ். ஒரு வேலையை ஆரம்பித்தால் சார்ட்டில் எழுதி முடித்துத்தான் எழுந்திருப்பாள். மைதானத்து ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கூடை விழும் நேரத்தில் அந்த நாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு கவரின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தாள். நாய் கொட்டாவி விட்ட கூடை நாலு தடவை வந்தது. நாய் சொறிந்த கூடை மூன்று தடவை. நாய் எழுந்து நின்றது, திரும்பிப் படுத்தது, நாயே இல்லாதது. கூட்டிப் பார்த்தால் பதினாலு கூடை ஐந்தாகிவிட்டது. ஐந்தும் வலது கை.

"அஞ்சு," என்றாள் புஷ்பமேரி. "நாய் பொய் சொல்லாது."

தேவதாஸ் வடையைத் தொடவில்லை. ரிமோட்டை வாங்கி மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்தத் தடவை பூவையும் கூடையையும் ஓட்டிவிட்டு, நடுவில் மிச்சமிருந்ததைப் பார்த்தார். பந்து கையில் இல்லாத நேரத்தில் பையன் என்ன செய்கிறான் என்று. குதிக்கும் முன் அரை அடி பின்வாங்குகிறான். இடது தோள் கொஞ்சம் இறங்குகிறது. எதிராளி ஓடினால் திரும்பி ஓட ஒரு நொடி தாமதிக்கிறான். தவறவிட்டால் உடனே வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறான், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. மற்றபடி நல்ல ஆட்டம். உயரம் இருக்கிறது, நோக்கு இருக்கிறது.

இந்த ஆட்டத்தை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இறங்குகிற தோள் அவருடையது.

கடைக்கு இறங்கினார். கௌஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். கௌஸ் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"சரி, இப்போ பையனுக்கு என்ன மார்க்கு?"

"முக்கால்."

"முக்காலா? அது நீருல்ல?"

"ஆமா. என்னைய மாதிரியேதான் ஆடுதான். அச்சு அசல்."

கௌஸ் சிரிப்பை நிறுத்தினார். வியாபாரி மூளை, கணக்கு சட்டென்று விழுந்துவிடும். "அப்போ ரொம்ப லேசு ஓய். முக்கால் ஆளுக்கே பேங்க்ல இடம் உண்டு, மெட்ராஸ்ல சிபாரிசுக்கு ஆள் இல்லாததாலதான் தேவதாச எடுக்கல, இதானே பதினெட்டு வருஷமா என் கடையில ஓடுற கதை? அந்தக் கதை நெசம்னா பையன் செலக்‌ஷனுக்குப் போகட்டும். விசா வேணும்னு நீரு சொன்னா..." அவர் வெங்காயத்தோலைத் தட்டிவிட்டார். "அந்தக் கதை பொய். நெசத்த நீருதான் சொல்லணும். எனக்கு வேணாம், பையனுக்குச் சொல்லும்."

தேவதாஸ் சோப்பு டப்பாக்கள் பக்கம் போனார். ஒரு டப்பாவைத் திருப்பி வைத்தார். அதை மறுபடி பழையபடி திருப்பினார். பிறகு கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டார்.

பெபின்தான் எடுத்தான்.

"மக்ளே, மாமா பேசுதேன். நேத்து சொன்னது..."

"மாமா, நானே போன் போடணும்னு இருந்தேன். நேத்து சாயந்திரத்துலேருந்து இடது கையாலயே போட்டுப் பாக்குதேன். ஒண்ணுகூட விழல. ஒரு பந்து பக்கத்து வீட்டுக் கிணத்துல போயிட்டு. நீங்க எதப் பாத்து இடது கைன்னு சொன்னிய?"

கௌஸ் மூட்டைப் பக்கம் திரும்பித் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பெர்லின் படத்தத் திருப்பிப் போட்டுட்டான்டே. கண்ணாடி எஃபெக்ட்டு. உன் இடது கைய மறந்துரு. அது சும்மா தொங்கட்டும்."

"அப்போ நான் எப்படி ஆடுதேன் மாமா?"

"என்னைய மாதிரி."

பையன் கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "அது நல்ல ஆட்டமா?"

கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஒரு அம்மா வந்து கொத்தமல்லி கேட்டாள். கௌஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுபத்தாறுல என்னைய பதினொரு நிமிஷம் ஆடவிட்டான்," என்றார் தேவதாஸ். "பன்னெண்டாவது நிமிஷம் விசில் அடிச்சு, தம்பி நீங்க போயித் தண்ணி குடிங்கன்னு சொன்னான். ஆள் இல்லாததால எல்லாம் இல்ல. அவன் என்கிட்ட ஊர்கூடக் கேக்கல. கொக்க நாள் பூரா ஆடவிட்டான். அதுதான் நடந்தது. நான் முக்காலும் இல்ல, அரையும் இல்ல. இத நான் யார்கிட்டயும் சொன்னது இல்ல."

"எங்களுக்குத் தெரியும் மாமா."

"என்னது?"

"பதினொரு நிமிஷக் கத. சவரிமுத்து மாமா பேங்க்ல வி.ஆர்.எஸ். வாங்கிட்டு ஊருக்கு வந்தப்ப அம்மாட்ட சொல்லியிருக்காவ. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

கொத்தமல்லி கேட்ட அம்மாவும் இப்போது கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டிய?"

"நீங்க யாரையும் நல்லாருக்குன்னு சொன்னது இல்லல்லா. நீங்களே தேறமாட்டான்னு சொன்னா பரவாயில்ல, தேறுவான்னு சொல்லிட்டா அது பெரிய விஷயம்னு அம்மா சொன்னா." பையன் குரலைத் தணித்தான். "மாமா, உண்மையச் சொல்லுங்க. எனக்கும் பதினொரு நிமிஷந்தானா?"

"இருக்கும்," என்றார் தேவதாஸ். "கூட ஒண்ணு ரெண்டு இருக்கும். விசாவுக்குப் பாஸ்போர்ட் காப்பி அனுப்புன்னு சொல்லத்தான் போன் போட்டேன்."

"பதினொரு நிமிஷம் ஆடிட்டு வாறேனே மாமா. அதுக்கப்புறம் விசா குடுத்தா போதாதா? ரெண்டு வாரந்தான். நிறுத்தி வைக்க முடியாதா?"

கார்டு தீர்ந்துவிட்டது.

கௌஸ் கொத்தமல்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பெப்ஸியைத் திறந்து தேவதாஸ் முன்னால் வைத்தார்.

"பதினொண்ணுங்கிறது கம்மி இல்ல ஓய்," என்றார். "என்னையெல்லாம் கேட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டான்."

சனிக்கிழமை முதீர் அறையில் தேவதாஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஹிந்தி, அரபி, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து, கை ஜாடையில் நாயையும் ஃபாதரையும் செய்து காட்டி. முதீருக்கு ஃபாதர் புரியவில்லை, நாய் புரிந்தது. பையனுக்கு வேறு இடத்தில் செலக்‌ஷன் இருக்கிறது, இரண்டு வாரம் விசாவைப் பிடித்துவைக்க முடியுமா என்று கேட்டபோது முதீர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"போட்டி முடிந்தபிறகு ஆட்டக்காரன் எனக்கு எதுக்கு? பேர் லிஸ்ட்டில் பத்து ஆள் கொடுத்தாச்சு. ஜெர்ஸி தைச்சாச்சு. பெபின் என்று முதுகில் எழுதியாச்சு. அந்த ஜெர்ஸியை யார் போடுவது?"

முதீர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அவன் எப்படி ஆடுவான் என்று சொன்னாய்?"

"என்னை மாதிரி, சார்."

முதீர் அவரைத் தலையிலிருந்து தொப்பை வரை, தொப்பையில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு கால் வரை பார்த்தார். "அப்படியானால் நீ ஆடு. நான் என்ன சாமான் வாங்கப்போகிறேன் என்று பார்க்கிறேன். நீ ஆடினால் விசா ஏப்ரல் கடைசி வரை என் மேஜையில் இருக்கும். ஆடாவிட்டால் கலாஸ், முடிந்தது, ரோமெலின் மச்சானுக்கு."

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்து கோர்ட்டில் ஐம்பத்தொரு வயதில் தேவதாஸ் இறங்கினார். ஜெர்ஸி ஆறடி இரண்டு அங்குலத்துக்குத் தைத்தது, அவருக்கு முழங்கால் வரை வந்தது. நிக்கர் போட்டிருப்பதே தெரியவில்லை.

"ஞானஸ்நானம் எடுக்கப்போற புள்ள மாதிரி இருக்கிய," என்றாள் புஷ்பமேரி. அவள் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையில் கிரேப் பேண்டேஜ் இருந்தது.

ரோமெல் அவரை வளையத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, "அங்கிள், ஸ்டாண்ட் ஹியர் ஒன்லி," என்றான். கொக்கில் கால் ஆளிடம் இப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்று தேவதாஸுக்கு இருந்தது, ஆனால் நின்றார். மூன்று நிமிஷம் பந்து அவர் பக்கமே வரவில்லை. நாலாவது நிமிஷம் வந்தது. நேராகத் தொப்பையில் அடித்துத் தெறித்து ரோமெல் கையில் விழ, அவன் அதைக் கூடையில் போட்டான். கௌஸ் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். கேலரியில் எழுந்து நின்று, "ஓய், அத எந்தக் கையால போட்டீரு?" என்று கத்தினார்.

அதன்பிறகு தேவதாஸ் ஓட ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே ஓடினார். கேட்டரிங் பையன்கள் அவரைச் சுற்றிப் போனார்கள், ரவுண்டானாவைச் சுற்றிப் போகிற மாதிரி. ஒரு பந்தைப் பிடித்து, அரை அடி பின்வாங்கி, இடது தோளை இறக்கிப் போட்டார். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. உடனே பெஞ்சைப் பார்த்தார். பழக்கம். அங்கே முதீர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பில்தான். ஒன்பதாவது நிமிஷம் இன்னொரு தடவை போட்டார். விழுந்தது. எப்படி விழுந்தது என்று பிறகு யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பலகையில் பட்டது என்று கௌஸ் சொன்னார், படவில்லை என்று தேவதாஸ் சொன்னார். வீடியோ எடுக்க யாரும் இல்லை.

பிறகு வலது முழங்கால் ஒரு சத்தம் போட்டது. ரோமெலும் இன்னொருத்தனும் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். புஷ்பமேரி பேண்டேஜைப் பிரித்தாள்.

"எத்தன நிமிஷம்?" என்றார் தேவதாஸ், மூச்சு வாங்க.

புஷ்பமேரி நர்ஸ் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். "பன்னெண்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டீம் வழக்கம்போலக் கரைந்தது. முதீர் போகும்போது அவர் தோளைத் தட்டி, விசா மேஜையில் இருக்கிறது என்றார். பையன் வந்தால் ஸ்டோரை மட்டும் பார்க்கட்டும், பந்துப் பக்கம் போக வேண்டாம் என்றும் சொன்னார். சாமானைப் பார்த்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கடையில் போன் அடித்தது. காலை ஒரு பால் டப்பா மேல் தூக்கி வைத்துக்கொண்டு தேவதாஸ் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஏதோ பஸ் ஸ்டாண்ட் சத்தத்துக்கு நடுவில் பெபின் குரல்.

"மாமா, முடிஞ்சுது."

"எத்தன நிமிஷம்?"

"முதல்ல பத்து நிமிஷத்துல விசில் அடிச்சாரு. போச்சுன்னு நினச்சேன். என்னைய இல்ல, பக்கத்துல ஆடுன பையன. என்னைய ஆடச் சொன்னாரு. சாயந்திரம் வர ஆடுனேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு. இன்னும் எட்டுப் பேர் இருக்கோம், மூணு பேரத்தான் எடுப்பாங்க. எடுக்கலேன்னாலும்..."

"எடுக்கலேன்னா விசா இங்க இருக்கு, அத விடு. உன் தோள் இறங்குதுன்னு ஒருத்தரும் சொல்லலியா?"

"சொன்னாரு மாமா. அது யார்ட்ட படிச்சன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"பரம்பரைன்னேன்."

கௌஸ் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "மருமவனே, நான் கடைக்காரன் கௌஸ் பேசுறேன். ஒன் மாமாட்ட மார்க்கு கேளு. இன்னைக்கு என்ன போடுறாருன்னு பாப்போம்."

தேவதாஸ் காலை டப்பாவிலிருந்து இறக்கி வைத்தார். வாயைத் திறந்தார். அரை, முக்கால், ஒண்ணேகால் எல்லாம் வரிசையில் நின்றன.

"நல்லா ஆடியிருக்க மக்ளே," என்றார். "போயி சாப்பிடு. நாளைக்கு அந்த நாய் மாதிரிக் கொட்டாவி விட்டுட்டு நிக்காத."

"எந்த நாய் மாமா?"

"அது உங்க மாமியக் கேளு," என்று சொல்லி, கார்டு தீரும் முன் அவரே வைத்தார்.